கூத்துக்காரரிடம் என்ன கேட்கிறோம்?



நிகழ்த்துகலைகளின் மதிப்பு பற்றிப் பேசும் மேடைகளில் வழக்கமாகச் சொல்லப்படுவது எல்லோருக்கும் தெரியும். கலை தொன்மையானது, பண்பாட்டின் வேர், அழிந்துகொண்டிருக்கிறது, காப்பாற்ற வேண்டும். இதில் எதையும் மறுக்க நான் வரவில்லை. ஆனால் இப்படிப் பேசும்போது அந்தக் கலையைச் செய்கிற ஆள் பேச்சின் ஓரத்துக்குப் போய்விடுகிறார். கூத்துக் கலைஞர் ஒருவரைப் பத்திரிகைக்கோ தொலைக்காட்சிக்கோ பேட்டி எடுக்கிறார்கள். கேட்கப்படும் கேள்விகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் அடங்கிவிடும். இது எத்தனை தலைமுறையாக வருகிறது? இதை நம்பிப் பிழைக்க முடிகிறதா? முதல் கேள்வி அவரைப் பழம்பொருளாக்கி விடுகிறது. இரண்டாவது கேள்வி அவரைக் கையேந்தி நிற்பவராக ஆக்குகிறது. இரவு அரிதாரம் பூசி, விடியும்வரை ஆடி, காலையில் வேனில் தூங்கிக்கொண்டே அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்த உழைப்பாளி இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் காணாமல் போகிறார். நிகழ்த்துகலையின் மதிப்பு அதைச் செய்கிற வேலைக்குள் இருக்கிறது. அந்த வேலையைச் செய்பவரே அதைப் பற்றிப் பேசும்போதுதான் அது மற்றவர்களுக்குப் புலப்படும். இன்று நான் நிறுவ விரும்புவது இந்த ஒன்றைத்தான். என் சான்றுகள் பெரும்பாலும் வட தமிழகத்துக் கூத்திலிருந்து வருகின்றன. தேவைப்படும் இடத்தில் மற்றக் கலைகளையும் தொடுகிறேன்.

கலைஞர்கள் தங்கள் வேலையைப் பற்றிப் பேசுவது தமிழுக்குப் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன. திருமுருகாற்றுப்படையைத் தனியே வைத்துவிட்டால், மற்ற நான்கும் ஒரு கலைஞர் வழியில் சந்திக்கும் இன்னொரு கலைஞரிடம் பேசுவதாக அமைந்தவை. கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்ற மலைபடுகடாம், கூத்தர்கள் மூட்டைகட்டி எடுத்துச் செல்லும் இசைக்கருவிகளின் பட்டியலோடு தொடங்குகிறது. எந்த வழியில் பாம்பு உண்டு, எங்கே பாறை வழுக்கும், புனங்காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று நூல் நீள்கிறது. பொருநராற்றுப்படையில் யாழின் ஒவ்வோர் உறுப்பும் செய்திறத்தோடு சொல்லப்படுகிறது. இவை புலவர்கள் மன்னரைப் புகழ எழுதியவைதானே, கலைஞரின் சொந்தக் குரல் என்று எப்படிக் கொள்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனாலும் வள்ளல் ஒருவனைப் புகழ வேண்டியிருந்தபோது, கேட்பவர் நம்பத்தக்க வாய் எது என்று அந்த மரபு யோசித்திருக்கிறது. தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரிடம் பேசும் பேச்சைத்தான் அது தேர்ந்தெடுத்தது. வழி, கருவி, சோறு, பரிசில் என்ற நடைமுறைப் பேச்சுக்குள்ளேதான் புகழ் வருகிறது. மலைபடுகடாமின் நாயகன் நன்னன் ஆண்ட செங்கம் இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசையும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் இதே வகைச் சான்று. மாதவி ஐந்து வயதில் பயிற்சியைத் தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்ன என்று இளங்கோ வரையறுக்கிறார். அரங்கு எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம். திரைச்சீலைகள் மூன்று வகை. பரிசு ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலை. கலைக்கு அளவும் விலையும் சொல்வது இழிவு என்று அந்தக் காப்பியத்துக்குத் தோன்றவில்லை. அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதை விட்டுவிட்டு நகர முடியாது. அந்த மாலையை விலைகொடுத்து வாங்குபவன் மாதவியையும் பெறுகிறான். வேலையை அத்தனை துல்லியமாக அளந்த நூல், அந்த வேலைக்கு விலை வைக்கும் உரிமை ஆடியவளிடம் இல்லை என்பதையும் மறைக்காமல் காட்டிவிடுகிறது. இந்த இடத்துக்குப் பின்னால் திரும்பி வருகிறேன்.

இப்போது ஒரு கூத்து இரவுக்குள் போவோம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். இரவு பத்து மணியளவில் தொடங்கும் ஆட்டம் விடிந்த பிறகே முடியும். அதற்கு வெகுநேரம் முன்பே வேஷக்காரர்கள் தரையில் உட்கார்ந்து, கையில் சின்னக் கண்ணாடியோடு அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்கிறார்கள். கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மார்ப்பதக்கத்தையும், அதாவது கட்டைகளை, இறுகக் கட்டுகிறார்கள். தளர்ந்தால் சுற்றி ஆடும்போது கழன்று விழும். அளவுக்கு மீறி இறுகினால் பாட மூச்சு வராது. எந்த அளவில் இறுக்குவது என்பது எந்த நூலிலும் இல்லை. களத்தில் இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதன் பின்னாலிருந்து வேஷம் தன்னையே படர்க்கையில் வருணித்துப் பாடத் தொடங்குகிறது. முதலில் குரல் மட்டும் கேட்கும். பிறகு திரைக்கு மேலே கிரீடம் தெரியும். திரை விலகியதும் கிறுக்கி எனும் சுழல் ஆட்டம், அடவு. நீ யார், எந்த ஊர் ராஜா என்று கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேட்கிறார். ஆர்மோனியம், மிருதங்கம், தோலக், முகவீணை, தாளம் எல்லாம் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, எந்த அடியில் நிறுத்துவது, எங்கே திரும்பவும் எடுப்பது என்பதை ஆடுபவர் காலாலும் தோளாலும் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே பாடுகிறார். வசனத்தையும் சந்தர்ப்பத்துக்கு ஏற்றபடி அவரே கட்டுகிறார். பாடகர், நடிகர், ஆட்டக்காரர், வசனகர்த்தா, பாதி நடத்துநர் ஆகிய ஐந்து வேலைகளை ஒரே உடம்பு ஒரே நேரத்தில் செய்கிறது.

இதில் ஒரு காட்சியை மட்டும் இன்னும் கிட்டே போய்ப் பார்க்க விரும்புகிறேன். துகிலுரிதல். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் திரௌபதி கதாபாத்திரம் மட்டுமல்ல, கோயிலில் குடியிருக்கும் அம்மன். அவள் சேலையில் கைவைக்க வேண்டிய துச்சாதனன், அந்த ஊருக்கு நாளைக்கும் ஆடப் போக வேண்டிய ஒரு மனிதர். பல ஊர்களில் அந்தக் கட்டம் வந்ததும் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதன வேஷம் போட்டவர் வேஷத்திலிருந்து விலகி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மறுபடி துச்சாதனன் ஆவார். அடுத்த நொடியில் அவர் காட்ட வேண்டிய கொடுமை ஒரு துளிகூடக் குறையக் கூடாது; குறைந்தால் நாடகம் செத்துவிடும். பக்தராகக் கும்பிட்டுவிட்டு உடனே கொடியவனாகத் திரும்பும் அந்த இரண்டு நிமிடத்தை எப்படிக் கடக்கிறீர்கள் என்பது அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. நடிப்புக் கல்லூரிகள் ஆண்டுக்கணக்கில் விவாதிக்கும் விஷயம் அதற்குள் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் இந்தக் கலைக்கு வருகிறார்களா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தோமானால் அது கிடைக்காது.

சரியாகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு வரலாற்றில் சான்று உண்டு. நாடகாசிரியர் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவை 1977-இல் தொடங்கினார். அதற்கு உந்துதலாக இருந்தது தெருக்கூத்து. புரிசைக் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானிடம் அவர் தேடிப் போனது, ஒரு நவீன நடிகனின் உடம்புக்கும் குரலுக்கும் கூத்து என்ன கற்றுத்தரும் என்ற கேள்வியோடு. அது தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்ட கேள்வி. பதிலும் அதற்கேற்ற தரத்தில் வந்தது. தம்பிரான் நகரத்து நடிகர்களுக்கு ஆசிரியரானார். பிரெக்டின் நாடகத்தையும் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் கதையையும் புரிசைக் குழு கூத்தாகவே ஆடிக் காட்டியது. அழிகிற கலை என்று முடிவுகட்டிவிட்டுப் போயிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் பல பத்தாண்டுகள் நடத்திய உரையாடலும் இத்தகையதே. 1990-இல் கலைஞர்களுக்கான கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் 2020 வரை படிப்பையும் கூத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த குருகுலம், ஆண்களே ஆடிவந்த கலையில் பெண்பிள்ளைகளுக்கும் பயிற்சி. இவையெல்லாம் அந்த உரையாடலின் விளைவுகள். கூத்து ஊருக்கும் சடங்குக்கும் நேரத்துக்கும் ஏற்ப எப்படி வளைந்துகொடுக்கிறது என்பதையே டி புருயின் தம் ஆய்வின் மையமாக வைத்தார். மாறாத தொன்மையைத் தேடிப் போகிறவர் கண்ணில் இது படாது. அன்றாடம் ஆட்டத்தை ஒப்புக்கொண்டு நடத்துகிற வாத்தியாரின் கண்ணில்தான் முதலில் படும்.

தங்கள் வேலையைத் தாங்களே எழுதிவைத்த கலைஞர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். நாடக நடிகர் அவ்வை தி. க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யைப் படித்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் புரியும். 1918-இல் மதுரையில், ஆறு வயதில், சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடகக் குழுவில் சேர்ந்தவர் அவர். சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்ததை அவர் விவரிக்கிறார். இதை ஒரு மேதையின் அற்புதம் என்று வியந்துவிட்டுப் போகலாம். நாடகக்காரர் சொல்வதாகக் கேட்டால் வேறொன்று தெரியும். குழுவில் எந்தப் பையனுக்கு எந்தச் சாரீரம், யார் எந்தப் பாட்டைத் தாங்குவார், கையில் என்ன வேஷம் இருக்கிறது என்பதெல்லாம் எழுதுகிறவர் மனத்தில் ஏற்கெனவே இருந்தால் மட்டுமே ஓரிரவு போதும். ஆள்களைத் தெரிந்துகொண்டு எழுதப்பட்ட பிரதி அது. நாடக இலக்கியத்தைப் பற்றி நாம் எழுதும் விமர்சனங்களில் இந்தச் செய்திக்கு இடமே இருப்பதில்லை.

பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி 1975-இல் சென்னைத் தமிழ் இசைச் சங்க மாநாட்டில் ஆற்றிய தலைமையுரை இன்னும் பெரிய சான்று. அலாரிப்பு தொடங்கித் தில்லானா வரையிலான கச்சேரி வரிசையை அவர் ஒரு கோயிலுக்குள் படிப்படியாக நுழைவதாக விளக்கினார். அதை எல்லோரும் அழகான உவமையாகவே எடுத்துச் சொல்கிறார்கள். உவமைக்குக் கீழே இருப்பது ஒரு தொழில் வாதம். தாளம் மட்டுமே உள்ள உருப்படியில் உடம்பும் மனமும் ஒருமைப்பட வேண்டும். அதன் பிறகே இசை, அதன் பிறகே சொல், வர்ணத்தில் எல்லாம் சேர்ந்து விரிவு, பதங்களில் அடக்கம். இந்த வரிசையைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்பவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அந்த உரை. சாத்திரத்தைச் சான்று காட்டி நின்றுவிடாமல், ஆடும் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதைக் காரணமாகச் சொல்லி மரபை நியாயப்படுத்தினார். ஏழு வயதிலிருந்து ஆடிய ஒருவரால் மட்டுமே அப்படிச் சொல்ல முடியும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கலைஞர் தம் கலையை உயர்த்தித்தானே பேசுவார்? மதிப்பைச் சொல்ல வேண்டியவர் வெளியில் நிற்பவர் அல்லவா? கூடவே இன்னொன்றும் சொல்வார்கள். கைத்திறன் வாய்ச்சொல்லுக்கு வராது. நல்ல கலைஞர்கள் பலர் தங்கள் வேலையை விளக்கத் தெரியாதவர்கள். ஆகவே கேட்டுப் பயனில்லை, ஒளிப்பதிவு செய்து வைத்தால் போதும். முதல் மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. தம் கலை உயர்ந்தது என்று கலைஞர் சொல்வதைச் சான்றாகக் கொள்ள முடியாது. நான் கேட்கச் சொல்வதும் அதை அல்ல. எது கடினம், எது தவறும், தவறினால் எப்படிச் சமாளிப்பீர்கள் என்ற கேள்விகளுக்கு வரும் பதிலைச் சரிபார்க்க முடியும். அன்றிரவே களத்தில் போய்ப் பார்க்கலாம். தற்பெருமைக்கு அங்கே இடம் குறைவு. இரண்டாவது மறுப்புக்கு ஸ்பெஷல் நாடகமே பதில். மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் ‘வள்ளி திருமண’த்துக்கு ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து. ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது, தனித்தனியே பேசி ஒப்புக்கொண்டவர்கள் மேடையிலேயே சந்தித்து விடியும்வரை நடிக்கிறார்கள். பேசாமல் இது நடக்குமா? என்ன சுருதி, எந்தப் பாட்டு, தர்க்கத்தை எவ்வளவு நேரம் நீட்டுவது என்பது குறித்து அவர்களுக்குள் கச்சிதமான ஒரு தொழில்மொழி இருப்பதால்தான் நடக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைஸர் இந்த நடிகர்களோடு பழகி 2005-இல் வெளியிட்ட பெரிய நூலுக்கு அவர்களின் பேச்சே அடித்தளம். பேச வராதவர்கள் என்று நாம் நினைப்பவர்கள், கேட்கத் தெரிந்தவர்களிடம் நிறையவே பேசியிருக்கிறார்கள். ஒளிப்பதிவைப் பொறுத்தவரை, அது என்ன நடந்தது என்பதைக் காட்டும். அந்த இடத்தில் செய்யாமல் விட்டது என்ன, ஏன் விட்டார் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த மறுப்பு சந்தையிலிருந்து வருகிறது. மக்கள் விரும்பினால் காசு கொடுத்துப் பார்ப்பார்கள், விரும்பாவிட்டால் கலை மறையும், அதுதான் மதிப்பின் அளவுகோல் என்பது வாதம். வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் 1966-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை இருக்கிறது. தொழிற்சாலையில் இயந்திரம் வரவர ஒரு பொருளுக்கான உழைப்பு நேரம் குறைகிறது, கூலி உயர்கிறது. நால்வர் வாசிக்க வேண்டிய இசைக்கு நூறாண்டு முன்பும் நால்வர்தான், இன்றும் நால்வர்தான். நேரத்தையும் சுருக்க முடியாது. மற்றத் துறைகளில் கூலி ஏறஏற, நிகழ்த்துகலையின் செலவு தானாக ஏறிக்கொண்டே போகும். யாருடைய சோம்பலும் திறமைக்குறைவும் இதற்குக் காரணமில்லை. கூத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, பதினைந்து பேராவது வேண்டும், ஓர் இரவு முழுவதும் வேண்டும். தாத்தா காலத்திலும் அதே கணக்குத்தான். அன்று சில ஊர்களில் மிராசு முறை இருந்தது; குறிப்பிட்ட குடும்பம் அந்த ஊருக்கு ஆடும் கடமையும் உரிமையும் பெற்று விளைச்சலில் பங்கு வாங்கியது. இன்று தாம்பூலம் மாற்றி முன்பணம் வாங்கி ஒப்பந்தம் பேசுகிறார்கள். ஊர் கொடுக்கும் பணம் ஏறியும் ஜமாவுக்குப் போதாமல் போவதன் காரணம் கலைஞரிடமும் இல்லை, ரசிகரிடமும் இல்லை. ரசிகர் குறைந்துவிட்டார் என்று சந்தை சொல்வதை நம்புவதற்கு முன்னால், வண்டி வாடகை என்ன, ஆர்மோனியக்காரர் கிடைப்பது ஏன் கடினமாகிறது, மழைக்காலத்தில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், உண்மையான கணக்கு வெளியே வரும்.

இதுவரை வந்த மறுப்புகள் எளியவை. எனக்கே மிகக் கனமாகத் தோன்றும் மறுப்பு சாதியிலிருந்து வருகிறது. பறை அடிப்பது ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட ஊழியம். சாவு வீட்டுக்கு வா என்றால் போக வேண்டும், கூலி அழைத்தவர்கள் கொடுத்தது. இந்த நிலையில் வேலைக்குள் மதிப்பு இருக்கிறது என்று சொல்வது, அடிமை வேலையை அழகுபடுத்துவதாகாதா? நான் முன்பு சொன்ன மாதவியின் மாலையும் இங்கே வந்து நிற்கிறது. இனிமேல் அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. அப்படி வைத்தவர்கள் கலையைக் கைவிட்டார்கள் என்று வருந்துவது பெரும் பிழை. அவர்கள் மறுத்தது தாளத்தை அல்ல, தாளத்தின் மேல் ஏற்றப்பட்ட நிபந்தனையை. இதற்குச் சான்று பின்னால் நடந்ததுதான். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள், ஆண்களின் கருவியாகவே இருந்த பறையைக் கையில் எடுத்து, தங்கள் நிபந்தனையில் மேடையேறினார்கள். மதுரைப் பறையாட்டக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கூத்துக் கலைஞர் புரிசைக் கண்ணப்ப சம்பந்தனுக்கும் அதே ஆண்டுதான். அடியின் நுட்பம் ஒன்றே. எப்போது அடிப்பது, எவ்வளவுக்கு அடிப்பது, எங்கே அடிக்க மறுப்பது என்று தீர்மானிப்பவர் மாறியிருக்கிறார். ஆகவே வேலையைக் கேட்பது என்றால் வேலையின் நிபந்தனைகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். இந்தத் திருத்தத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். இது இல்லாமல் என் வாதம் ஆபத்தானது. மரபு என்ற சொல்லால் கலைஞரின் வாயை அடைப்பவர்கள், பெரும்பாலும் இந்த நிபந்தனைகளைப் பற்றிய பேச்சைத்தான் அடைக்கிறார்கள்.

இலங்கையின் மட்டக்களப்புக் கூத்தின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். 1960-களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றைத் தயாரித்தார். கூத்து ஆசிரியர்களான அண்ணாவியார்களை அழைத்துவந்து மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். சுற்றிலும் சனம் உட்கார்ந்து பார்க்கும் வட்டக்களரியிலிருந்து கூத்து படச்சட்ட மேடைக்கு வந்தது. விடியவிடிய நடந்தது சிறிது நேரத்துக்குள் அடங்கியது. படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியது அதனால்தான், அது சிறிய காரியமல்ல. ஆனால் எதைச் சுருக்குவது, எதை விடுவது என்ற முடிவு பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது. 2000-களின் தொடக்கத்தில் அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனையில் தொடங்கிய கூத்து மீளுருவாக்கம் இந்த இடத்தைத்தான் மாற்றியது. கூத்தை ஆடும் சமூகத்தின் களரியிலேயே, அண்ணாவியாரும் ஆட்டக்காரரும் ஊர்ச்சனமும் உட்கார்ந்து, பெண்ணையும் சாதியையும் கூத்து சித்திரிக்கும் விதம் பற்றி வாதிட்டு, பாட்டுகளைத் தாங்களே திருத்தினார்கள். உரையாடல் என்று நான் சொல்வது இதை. கலைஞரை நோக்கி மைக்கை நீட்டுவது அதன் தொடக்கம் மட்டுமே. அவர் சொன்ன பதிலால் நிகழ்ச்சி மாறினால்தான் அவரை மதித்ததாக அர்த்தம்.

நம் ஊர் விழா மேடைகளுக்கு இதைக் கொண்டுவந்து பார்ப்போம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007-இல் அமைந்தது. அதே ஆண்டு சென்னை சங்கமம் விழா தொடங்கி நகரத் தெருக்களுக்கு இக்கலைகள் வந்தன. இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் இப்படிப்பட்ட மேடைகளில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் சில நிமிடங்கள். கூத்தில் அந்த நேரம் திரைப்பிரவேசத்துக்கே போதாது. குரல் பதமாகி, தாளக்காரரும் ஆடுபவரும் இணங்கி, பார்ப்பவர் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே கதைக்குள் இறங்கிப் போவது நள்ளிரவுக்கு மேல்தான். கட்டியங்காரன் நக்கலால் சனத்தைத் தட்டி எழுப்புவதற்குப் பொருள் இருப்பதும் அப்போதுதான். சில நிமிடங்களில் கிறுக்கியும் கிரீடமும் தெரியும், கூத்து தெரியாது. நகரத்தில் இரவு முழுவதும் யார் உட்காருவார்கள் என்று அமைப்பாளர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் அதைக் கலைஞரிடமே கேட்டிருக்கலாம். ஒரு மணி நேரம் கொடுத்தால் எந்தக் கட்டத்தை எடுப்பீர்கள், எதை விடலாம், எதை விடவே முடியாது? ஆட்டத்தைச் சந்தர்ப்பத்துக்கு ஏற்றபடி நீட்டவும் குறுக்கவும் தினமும் செய்கிறவர்கள் அவர்கள். ‘கர்ண மோட்ச’த்தைத் திருவிழாவிலும் ஆடுகிறார்கள், கருமாதிச் சடங்கு நடக்கும் வீட்டு வாசலிலும் ஆடுகிறார்கள். இரண்டு இடத்துக்கும் வேண்டிய அழுத்தம் வேறு என்பது அவர்களுக்குத் தெரியும்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது பங்குனி மாதம். கூத்துக்கு அதுதான் உச்சப் பருவம். பங்குனி, சித்திரை, வைகாசி மாத ஆட்டங்களில் கிடைப்பதை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்ட வேண்டும். மறு ஆண்டும் ஏப்ரலிலேயே திருவிழாக்களுக்குத் தடை வந்தது. தொடர்ந்து இரண்டு பருவம் போயிற்று. அப்போது கலைஞர்களின் துயரம் நிறையவே எழுதப்பட்டது. பருவம் என்ற ஒன்று இருக்கிறது, அது தவறினால் ஆண்டே தவறும் என்பதை அந்தக் கட்டுரைகளில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விவசாயிக்குப் பட்டம் தவறியது என்றால் நாட்டில் எல்லோருக்கும் புரியும். கூத்துக்காரரின் பருவமும் அதுபோல நம் பொதுவறிவில் இருந்திருந்தால், நிவாரணத்தின் அளவும் காலமும் வேறு மாதிரி கணக்கிடப்பட்டிருக்கும்.

ஆகவே விழா நடத்துபவர்களுக்கும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் கல்லூரித் தமிழ்த்துறைகளுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் மிகவும் நடைமுறையானது. அடுத்த முறை ஒரு ஜமாவை அழைக்கும்போது, நேரத்தை நீங்கள் முடிவுசெய்துவிட்டு அறிவிக்காதீர்கள். வாத்தியாரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். சம்பளம் பேசும்போது மேடையில் நிற்கும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். சில நிமிட நிகழ்ச்சிக்கும் முகம் எழுதும் நேரமும் கட்டை கட்டும் நேரமும் குறைவதில்லை. செய்யாற்றுப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்துபோகும் பகலும் இரவும் அவருடைய வேலைநாளில் சேர்ந்தவை. பேட்டி எடுக்கப் போகும் மாணவர், முந்தின இரவு அந்த ஆட்டத்தை விடியும்வரை இருந்து பார்த்துவிட்டுப் போகட்டும். காலையில் கட்டையை அவிழ்த்து, எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஆளிடம் கேட்க, மாணவருக்கு அப்போது கேள்விகள் இருக்கும்: மூன்றாவது தருப்பாட்டில் தாளத்தை ஏன் நிறுத்தினீர்கள், அந்தக் குழந்தை அழுதபோது வசனத்தை மாற்றினீர்களே, அதை எப்போது முடிவுசெய்தீர்கள்?